சீஸ் போட்ட வெள்ளைச் சாத்தமுது

எனக்குச் சூப் பிடிக்காது. கல்யாண மண்டபத்து வாசலில் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுக்கும் சிவப்புக் கஞ்சியைப் பார்த்தாலே ஒதுங்கி நேராகப் பந்திக்குப் போய்விடுவேன். சாப்பாடு என்றால் கையால் பிசைய வேண்டும். அப்படிப்பட்ட நான் ஐம்பத்திரண்டு வயதில் தினமும் மூன்று வேளைக்குச் சூப் வைத்தேன். அதுவும் சீஸ் போட்டு. அதுவும் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், வெங்காயம்கூட உள்ளே வராத ஒரு வீட்டில். இருபத்தேழு வருஷமாக என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த என் மாமியாருக்காக.

அவருக்குத் தொண்டையில் கட்டி. கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள், ஏழு வாரம். தினமும் ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தோம். கட்டி கரைந்தது. கூடவே தொண்டையும் வெந்துபோனது. எச்சில் ஊறுவது நின்றது. நாக்கில் ருசி போய்விட்டது. "சக்கரையும் மண்ணு, உப்பும் மண்ணு" என்பார். சாதத்தைக் கரைத்துக் கொடுத்தால் இரண்டாவது வாயிலேயே கண்ணிலிருந்து நீர் கொட்டும். பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆப்பிளும் மாதுளையும் வாங்கி வந்தார்கள். தண்ணீரே இறங்காதவருக்கு ஆப்பிள். ஒருவரிடம் வாசலிலேயே, "இதை உங்காத்துக்கே எடுத்துண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நல்லது.

கரண்ட் முடிந்து பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனோம். எடை பார்த்தார்கள். முப்பத்தெட்டு கிலோ.

"மூணு வாரம் டைம் தரேன். அடுத்த தடவை முப்பத்தெட்டுக்குக் கீழ இருந்தாங்கன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுடுவோம். வேற வழியில்லைங்க" என்றார் டாக்டர்.

ஆட்டோவில் திரும்பும்போது மாமியார் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். குரல் காற்றாகத்தான் வரும். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"அது மட்டும் வேண்டாம்."

எது என்று நான் கேட்கவில்லை. என் மாமனார் பக்கவாதத்தில் விழுந்து நாற்பது நாள் மூக்கில் குழாயோடு கிடந்தார். பிடுங்கிப் போட்டுவிடுகிறார் என்று நர்ஸ்கள் அவர் கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவிட்டார்கள். மாமியார் தினமும் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தால் மறுபடியும் கட்டிவிடுவார். அவர் போன பிறகு இவர் அழுது நான் பார்த்ததில்லை. குழாய் என்ற சொல்லை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிடலாம் என்று சொல்வதற்கு ஒரு பெண் இருந்தாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பேப்பரைக் கொடுப்பாள். எங்களுக்கும் அதையே கொடுத்து, 'க்ரீமி வெஜிடபிள் சூப் வித் சீஸ்' என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டாள்.

"அம்மாவுக்கு இதுதான் பெஸ்ட். வழவழன்னு ஈஸியா எறங்கும். வெயிட்டும் ஏறும்."

வீட்டுக்கு வந்து பேப்பரைப் படித்தேன். வெங்காயம், பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், காலிஃப்ளவர், க்ரீம், சீஸ். என் மாமியார் வெங்காயம், பூண்டு தொடமாட்டார். கேரட், பீன்ஸ், கோஸ், காலிஃப்ளவர் எல்லாம் இங்கிலீஷ் காய்கறி, பெருமாளுக்கு ஆகாது. உருளைக்கிழங்கும் அப்படித்தான். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாத, அதாவது நைவேத்யம் ஆகாத எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. வீட்டில் சாளக்கிராமம் இருக்கிறது. காலையில் அடுப்படியில் தளிகை ஆனதும் என் கணவர் திருவாராதனப் பூஜை பண்ணி, அதற்குக் காட்டிய பிறகுதான் யாருக்கும் சாப்பாடு. ஆக, அந்தப் பேப்பரில் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் க்ரீமும் சீஸும்தான் மீதி.

"சீஸ் மட்டும் பரவாயில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பால்தானேடி அது?"

"பால்தான்."

"அப்புறம் என்ன? பாலுக்கு என்ன தோஷம்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காய்களை நானே மாற்றினேன். பரங்கிக்காய், புடலங்காய், இரண்டு சேப்பங்கிழங்கு, ஒரு பிடி பயத்தம்பருப்பு. சேப்பங்கிழங்கின் வழவழப்பை எல்லாரும் திட்டுவார்கள். வெந்த தொண்டைக்கு அந்த வழவழப்புதான் வேண்டும். குக்கரில் குழைய வேகவிட்டு, மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் வடிகட்டி, இரண்டு நாள் பாலேட்டைச் சேர்த்துக் கடைந்து விட்டேன். மிளகு எரியும் என்பதால் சீரகப்பொடி மட்டும். என் கணவர் பேங்கிலிருந்து வரும்போது சீஸ் ஸ்லைஸ் வாங்கி வந்தார். கொதிக்கிற சூப்பில் இரண்டைப் போட்டேன்.

எங்கள் வீட்டில் கண்டருளப் பண்ணும் முன் யாரும் ருசி பார்க்க மாட்டோம். அதனால் அது எப்படி வந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது. வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்து, பெருமாளுக்கு ஆனதும் மாமியாரிடம் கொடுத்தேன். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்னடி, சாப்பிடறதா, சுவத்துக்கு அடிக்கறதா?"

"சூப்பும்மா. குடிங்கோ."

"சூப்பாவது கீப்பாவது. வெள்ளைச் சாத்தமுதுன்னு சொல்லு, குடிக்கறேன்."

எங்கள் வீட்டில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். குடித்தார். மூன்றாவது ஸ்பூனில் இருமல் பிடித்துக்கொண்டது. சீஸ் கரையாமல் ரப்பர் நூலாக இழுத்துத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. நான் விரலை விட்டு அதை வெளியே எடுத்தேன். அவர் முகம் நீலமாகி, பிறகு வெள்ளையாகி, அப்புறம் என்னைப் பார்த்து, "கொல்றதுன்னா நேரா கொன்னுடு" என்றார். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் போனது. கொதிக்கும்போது போட்டால் நூலாகிறது. ஆறிய பிறகு போட்டால் கட்டியாக நிற்கிறது. அவர் பயந்துபோய் இரண்டு வாய்க்குமேல் வாங்கவில்லை. வீட்டில் எடை மிஷின் வாங்கி வைத்திருந்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நிற்பார். "சுவத்தை விடுங்கோம்மா" என்று கத்துவேன். விட்டால் முப்பத்தேழு.

அந்தச் சனிக்கிழமை விடிகாலையில் நாத்தனாரின் பெண் வெளிநாட்டிலிருந்து வந்தாள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில் வேலை பார்க்கிறாள். நான் சூப்பில் சீஸ் போடுகிறேன் என்று போனில் கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு பெரிய துண்டு கொண்டு வந்தாள். மஞ்சள் நிறம், மரக்கட்டை மாதிரி கெட்டி, நல்ல உப்பு வாசனை.

"இதைத் துருவிப் போடணும் மாமி. அடுப்பை அணைச்சுட்டு, அப்புறம் போட்டுக் கலக்குங்கோ. இழுக்கவே இழுக்காது" என்றாள்.

வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு பரீட்சை உண்டு. பிஸ்கட்டோ சாக்லேட்டோ, முட்டை இருக்கிறதா என்று உறையில் தேடுவோம். அதை நான்தான் செய்வேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படித்தேன். பால், உப்பு, இன்னும் ஒரு வார்த்தை. முட்டை இல்லை. பாஸ்.

அவள் சொன்னபடியே செய்தேன். தேங்காய்த் துருவியில் துருவி, அடுப்பை அணைத்து, இரண்டு ஸ்பூன் தூவிக் கலக்கினேன். நெய் உருகுவதுபோல உருகிப் போயிற்று. சூப்பின் மேலே ஒரு பளபளப்பு வந்தது. மாமியார் முதல் வாயை வாங்கிவிட்டு நின்றார். நான் துண்டோடு தயாராக நின்றேன். இருமல் வரவில்லை. இன்னொரு வாய். கிண்ணம் பாதி காலியானது.

"வழுக்கிண்டு போறதுடி" என்றார்.

பதினோரு நாள். காலையில் பெருமாளுக்கு ஆனதும் ஒரு கிண்ணம். நான் ஆபீசிலிருந்து மத்தியானம் ஓடிவந்து, அதிலேயே மிச்சத்தை வெதுவெதுப்பாக்கி ஒன்று. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஒன்று. எடை மிஷினில் முப்பத்தேழரை, முப்பத்தெட்டு, ஒரு திங்கட்கிழமை முப்பத்தெட்டு அறுநூறு. அன்றைக்கு மாமியார் மிஷினிலிருந்து இறங்காமல் நின்று, "நன்னா பார்த்தியா? சுவத்தைத் தொடலை" என்றார். எனக்கு அந்த வீட்டில் இருபத்தேழு வருஷத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. "சரி, எறங்குங்கோ" என்றேன்.

சீஸ் கட்டி தீரப்போகிறது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். அதற்குள் நின்றுவிடக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை மீதித் துண்டைத் துருவி டப்பாவில் போட்டுவிட்டு, உறையை மட்டும் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தென்னூரில் ஒரு கூரியர் கம்பெனியில் புக்கிங் கவுண்டரில் உட்காருகிறேன். பின்கோடு இல்லாமல் வருகிறவர்களிடம் எரிந்து விழுவது என் வேலையில் பாதி. பக்கத்துச் சீட்டில் ஒரு பெண். அவளுடைய வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். அவளும் இரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். வெளிநாட்டுச் சாமான் திருச்சியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். உறையைக் கொடுத்து, "இது இங்க எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அவள் உறையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். அது அவளுக்குப் பழக்கம். எங்களைப்போல அவர்களும் உறையைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை, தேடுவது மட்டும் வேறு. படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, இது உங்க வீட்டுக்கா?"

"ஆமா. ஏன்?"

"இதுல ரென்னட்னு போட்டிருக்குக்கா. பாலை உறைய வைக்கிறது. நம்ம ஊரு சீஸ்ல செடியிலயோ மருந்துலயோ செய்யறதைப் போடுவாங்க, பச்சைப் புள்ளி இருக்கும். இந்த மாதிரி கட்டி சீஸ்ல..." நிறுத்தினாள். போனில் ஏதோ தட்டிப் பார்த்தாள். "கன்னுக்குட்டியோட வயித்துலேர்ந்து எடுக்கறதுக்கா. அறுத்து. நாங்களே அது ஹலாலான்னு கேட்டுத்தான் வாங்குவோம்."

கவுண்டரில் ஒருத்தர் பின்கோடு இல்லாத கவரோடு நின்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் புக் பண்ணி வாங்கி வைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "தெரியாம செஞ்சதுதானேக்கா. யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க" என்றாள். அவளுக்கு எங்கள் வீடு தெரியாது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பதினோரு காலை. பதினோரு தடவை வெள்ளிக் கிண்ணத்தில் அதைப் பெருமாளுக்குக் காட்டியிருக்கிறோம். எனக்கு எவ்வளவு பக்தி உண்டு என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தை ஏந்திப் போனது என் கை. பஸ் பாலத்தில் ஏறியபோது கோபுரம் தெரிந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கை எழவில்லை.

வீட்டுக்குப் போனதும் டப்பாவில் இருந்த துருவலைக் குப்பையில் கொட்டினேன். கணவர் வந்ததும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். அவர் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டியது அவர் கைதானே.

"அம்மாட்ட சொல்லாதே" என்றார்.

"எப்படிச் சொல்லாம இருக்கறது?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும். எடை பார்த்து முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"நீங்க சொல்ல மாட்டேள்."

"சரி, சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியவே வேண்டாமே. தெரிஞ்சு என்ன ஆகப்போறது?"

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். நானும் சரி என்று தலையாட்டினேன்.

புதன்கிழமை காலை சீஸ் இல்லாமல், பாலேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிப்போட்டு சூப் வைத்தேன். மாமியார் ஒரு வாய் வாங்கினார். அவருக்கு ருசி கிடையாது, தொண்டை மட்டும்தான் கணக்கு.

"இன்னிக்கு வழுக்கலையே. அந்தக் கட்டி தீர்ந்துடுத்தா?"

தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அது பொய்கூட இல்லை. நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு வார்த்தை வராமல் போனது அன்றுதான். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"என்னடி?"

சொன்னேன். கன்றுக்குட்டி வயிறு வரைக்கும் சொன்னேன். எதையும் மழுப்பிச் சொல்ல எனக்குத் தெரியாது. கூடத்தில் நின்றிருந்த கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்துவதற்குக் குரல் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"எத்தனை நாள்?" என்றார்.

"பதினோரு நாள்."

"தெரிஞ்சு பண்ணினியா?"

"இல்லம்மா."

"சரி. நீ போய் ஸ்நானம் பண்ணிட்டு வந்து அந்தக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "எனக்கு ரெண்டு நாள் தீர்த்தம் மட்டும் போதும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சீஸைச் செய்தவன், கொண்டுவந்தவள், பூதக்கண்ணாடி, நான், எல்லார்மேலும்.

"வெள்ளிக்கிழமை எடை பார்ப்பா. தெரியுமோல்லியோ?"

"தெரியும்."

"ரெண்டு நாள் தண்ணியைக் குடிச்சா முப்பத்தேழு ஆயிடும். அப்புறம் என்ன பண்ணுவான்னு தெரியுமோல்லியோ?"

"தெரியும்டி."

"உங்க பெருமாள் வந்து கேட்டாரா, பட்டினி கிடன்னு?"

"அவர் ஏன் கேக்கறார்? அவர் கேக்கவே மாட்டார்." மூச்சு வாங்கிக்கொண்டார். "குழாய்க்குப் பயந்து அவருக்கு இதைக் கொடுத்திருக்கேன். இப்பவும் அதுக்கே பயந்துண்டு பிராயச்சித்தம் பண்ணாம இருந்தா நான் என்ன மனுஷி?"

"நீங்க கொடுக்கலை. நான் கொடுத்தேன்."

"நீ யாருக்காகக் கொடுத்தே?"

புளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கிண்ணம் கண்ணாடியாகிற வரைக்கும் தேய்த்தேன். உள்ளே என் கணவர் தன் அம்மாவிடம் ஏதோ கெஞ்சுவது கேட்டது. அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் துளசித் தீர்த்தம்தான். படுத்த இடத்திலிருந்து எழவில்லை. நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். ஆபீசிலிருந்து அந்தப் பெண் போன் பண்ணினாள். நடந்ததைச் சொன்னேன். "என்னாலதான்க்கா" என்று அழுதாள். "உன்னால இல்லை, வாயை மூடு" என்றேன். கொஞ்சம் அடங்கிய பிறகு அவளே சொன்னாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? பனீர் போடலாம்ல? பாலைத் திரிச்சு?"

"திரிஞ்ச பால் பெருமாளுக்கு ஆகாது. சீஸும் அதுதான்னு எனக்கு அன்னிக்கு உறைக்கலை."

"தயிரு ஆகுமா?"

"தயிர் ஆகும்."

"அப்ப கேளுங்க. அங்க அரபிக்காரங்க தயிருல உப்புப் போட்டு, துணியில கட்டித் தொங்க விட்டுருவாங்க. ஒரு நாள் ஆச்சுன்னா தண்ணியெல்லாம் வடிஞ்சு, வெண்ணெ மாதிரி நிக்கும். ரொட்டியில தடவித் திம்பாங்க. சீஸ் மாதிரியே இருக்கும்க்கா. அதுல எந்த வயிறும் கெடையாது."

எருமைப்பால் வாங்கி நானே தோய்த்த தயிரை மாமனாரின் பழைய வெள்ளை வேஷ்டித் துண்டில் கட்டி, சமையலறைக் குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாக வடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவிழ்த்தபோது கெட்டியாக, வெள்ளையாக, விரலை வைத்தால் தடம் விழுந்து நின்றது. சூப் ஆறி வெதுவெதுப்பானதும் அதில் இரண்டு கரண்டி போட்டுக் கடைந்தேன். திரியவில்லை. பெருமாளுக்கு ஆயிற்று. மாமியார் எழுந்து உட்கார்ந்து, என்ன போட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் குடித்தார். முழுக் கிண்ணம். ஒரு இருமல் இல்லை.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முப்பத்தேழு இருநூறு.

நான் டாக்டரிடம் சண்டை போட்டேன். திங்கட்கிழமை முப்பத்தெட்டு அறுநூறு இருந்தது, இரண்டு நாள் உபவாசம் இருந்தார், இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்த நெலமையில ரெண்டு நாள் உபவாசமாம்மா? நீங்க கூட இருந்துமா?" என்றார்.

நல்ல டாக்டர்தான். எனக்கு அவரை அடிக்கலாம்போல இருந்தது.

நர்ஸ் குழாயை மூக்கிலிருந்து காதுக்கும் காதிலிருந்து நெஞ்சுக்கும் வைத்து அளந்து, பேனாவால் கோடு போட்டாள். மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் உள்ளே போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்து நாலு பிறை மாதிரி ஒரு வாரம் இருந்தது. பிறகு தன் இரண்டு கையையும் தானே போர்வைக்குள் விட்டுக்கொண்டார். "கட்ட வேண்டாம்னு அவாகிட்ட சொல்லு. நான் பிடுங்க மாட்டேன்" என்றார். சொன்னேன். அவர்கள் கட்டுவதாகவே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"ட்யூப் நிரந்தரம் இல்லைங்க. முழுங்கறதை மட்டும் விட்டுடக் கூடாது. எச்சிலையாவது முழுங்கிட்டே இருக்கணும். மறந்துட்டாங்கன்னா அப்புறம் எடுக்கறது கஷ்டம்" என்றார் டாக்டர். சாப்பாட்டுப் பெண் வந்து மறுபடியும் அதே பேப்பரைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சூப் வைப்பது நிற்கவில்லை. இப்போது குழாயில் அடைக்காமல் போக வேண்டும். துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். கட்டித் தயிரைப் பால் விட்டு நீர்க்கக் கடைந்தேன். பெரிய ஊசி மருந்துக் குழலில் எடுத்து, குழாயின் வாயில் வைத்து, மெதுவாக அழுத்த வேண்டும். முதல் நாள் காலையில் வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தேன்.

"பெருமாளுக்கு ஆச்சா?"

"ஆச்சு."

"நீ முதல்ல ஒரு ஸ்பூன் சாப்பிடு."

"நானா? எதுக்கு?"

"எனக்கு வாயும் இல்லை, ருசியும் இல்லை. என்ன உள்ள போறதுன்னு எனக்குத் தெரியணும். சாப்பிட்டுச் சொல்லு."

அத்தனை நாள் வைத்திருக்கிறேன், நான் அதை வாயில் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டேன். என் கணவர் கதவருகிலிருந்து, "பிரமாதமா இருக்கும்மா" என்றார்.

"உன்னைக் கேக்கலை. நீ எல்லாத்துக்கும் பிரமாதம்ப. அவ சொல்லட்டும்."

"உப்பு ஜாஸ்தி. பரங்கிக்காய் முத்தல், தித்திக்கறது. சேப்பங்கிழங்கு வாசனை அடிக்கறது" என்றேன்.

அவர் கண் மூடிக் கேட்டுக்கொண்டார். "நாளைக்குப் பிஞ்சாப் பாரு" என்றார். நான் குழலை அழுத்தினேன்.

தினமும் அப்படித்தான். ஒரு நாள் சீரகம் கருகல் என்றேன். ஒரு நாள் ஒன்றுமே இல்லை, சப்பென்று இருக்கிறது என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்வார், திட்டுவார். "இத்தனை வருஷமா இந்தக் கையாலயா சாப்பிட்டேன்" என்று ஒரு நாள். நாத்தனார் பெண் போனில் கூப்பிட்டு, சீஸ் பாட்டிக்குப் பிடித்ததா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் புதன்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் குழாய் வந்திருக்காது. இதை என் கணவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை. பரங்கிக்காய் பிஞ்சு. தயிர் லேசாகப் புளித்திருந்தது. பாலேடு அன்றைக்குத் தடியாகக் கிடைத்தது. ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டேன். இன்னொரு ஸ்பூன் எடுத்துக்கொண்டேன்.

"என்னடி, பேசாம இருக்கே? அவ்ளோ மோசமா?"

"இல்லம்மா. நன்னா இருக்கு."

"எப்படி நன்னா?"

"முதல்ல ஒண்ணும் தெரியலை. வழுக்கிண்டு போனப்புறம் நாக்கோட ரெண்டு பக்கமும் லேசாப் புளிக்கறது. அப்புறம் சீரகம் வரது. அப்புறம் தித்திப்பு, ஆனா தெகட்டலை. தொண்டையில சூடா நிக்கறது. இன்னும் ஒரு வாய் வேணும்போல இருக்கு."

அவர் வாயைக் கொஞ்சம் திறந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அந்தக் கருகிய தோலுக்குக் கீழே ஏதோ அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. முகம் சுளித்தது, வலித்திருக்கும். மறுபடியும் ஏறி இறங்கியது.

நான் குழலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"சொல்லு" என்றார்.